தூர் வாரும்போது கரையையும் பாருங்கள்
(திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்று பேசப்போவது வாக்காளர் பட்டியலைப் பற்றி. ஆனால் சோழநாட்டில் நின்றுகொண்டு குடவோலையைச் சொல்லாமல் தேர்தலைப் பேச முடியாது. சரி, சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். நடவுக்குப் போகும் நம் அக்காமார் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அதைப் புரட்டிப் போட்டது. வயது வந்தால் போதும். அப்போது 21, 1989 முதல் 18. முதல் பொதுத்தேர்தலுக்கு 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்களை எழுதினார்கள். வடக்கே பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்றே பதிவானார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. அவகாசம் கொடுத்தும் சுமார் 28 லட்சம் பெண்கள் விட்டுப்போனார்கள். கடுமைதான். ஆனாலும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாய்க்கால் வெட்டுவது ஒருமுறை. தூர் வாருவது வருஷா வருஷம். வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். புதிதாகச் சேர படிவம் 6, ஒரு பெயரை நீக்கச் சொல்ல 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. இவற்றோடு தெருத்தெருவாக அலையும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த அங்கன்வாடி ஊழியரோ வாத்தியாரோதான்.

நம் பக்கத்துச் சிக்கல், ஆள் ஊரில் இருப்பதில்லை. குறுவை பொய்த்த வருஷம் பாதித் தெரு திருப்பூரில். ஓர் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்க, அங்கே ‘சாதாரணமாக வசிப்பவர்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஊரில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் வசிப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியே போனதால் அந்தத் தகுதியை இழக்கவும் மாட்டார். மூன்று வருஷமாகத் திருப்பூரில் இருப்பவர் இதில் எந்தப் பக்கம்? அங்கேதான் தகராறு. சிங்கப்பூர் தம்பிக்கு வழி இருக்கிறது: இந்தியக் குடியுரிமையை விடாதவரை படிவம் 6ஏ. ஓட்டுப் போட மட்டும் டிக்கெட் எடுத்து ஊருக்கு வரவேண்டும்!

2025 நவம்பர் 4 அன்று, சம்பா வயலில் மழைத்தண்ணீர் நிற்கும் பருவத்தில், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கெடுப்பு இங்கே தொடங்கியது. இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருப்பவர் என்று வண்டல் சேர்ந்திருந்தால் வாரத்தான் வேண்டும். ஆனால் பொக்லைன் வண்டலோடு கரையையும் அள்ளிப்போட்டதை நாம் பார்க்காதவர்களா?

இடம் மாறிவிட்டார் என்று ஒருவரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இறந்தவரிடம் கேட்க முடியாது, நியாயம்தான். உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று எழுதிவிட்டால்?

பல வருஷங்களுக்கு முன் என் அத்தைக்கு அது நடந்தது. அதே தெருவில், அதே பெயரில் இன்னொருவர் இறந்திருந்தார். அத்தை மறுபடி படிவம் 6 எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, “பதினெட்டு வயசுப் பொண்ணுங்களோட வரிசையில நிக்க வச்சிட்டாங்கடா” என்று சிரித்தார்.

நம் வாக்குச்சாவடிப் பட்டியலின் நகல் அந்த மேசையில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.