குவெர்க்குஸ்: ஆண்பால் வேடத்தில் ஒரு பெண்பால் சொல்

நண்பர்களே, ஓக் மரத்துக்கு லத்தீனில் குவெர்க்குஸ் என்று பெயர். லத்தீன் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, 'உஸ்' என்று முடிந்தால் ஆண்பால், 'ஆ' என்று முடிந்தால் பெண்பால் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை அப்படியே நம்பியவர், வட அமெரிக்க வெள்ளை ஓக்கின் அறிவியல் பெயரைப் பார்த்தால் திருதிருவென்று விழிப்பார்: குவெர்க்குஸ் ஆல்பா. லத்தீனில் அடைமொழி, பக்கத்துப் பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப முடிவு மாறும். அப்படியானால் வெள்ளையைக் குறிக்கும் அடைமொழி ஆல்புஸ் என்றல்லவா வர வேண்டும்? அச்சுப்பிழை இல்லை. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அப்படித்தான் எழுதினார், அதுதான் சரி.

ரோமானியர்களுக்கு மரங்களில் பெரும்பாலானவை பெண்பால். பீச் மரமான ஃபாகுஸ், எல்ம் மரமான உல்முஸ், எல்லாம் 'உஸ்' வேடம் போட்ட பெண்பால் சொற்கள். நம் அரசமரமும் ஃபீகுஸ் ரெலிகியோசா, ரெலிகியோசுஸ் இல்லை. மேப்பிள் தனி வழி போயிற்று. ஆக்கெர் என்ற அதன் பெயர் ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத மூன்றாம் பால், ஆகவே சிவப்பு மேப்பிள் ஆக்கெர் ரூப்ரும். மரத்தையெல்லாம் அஃறிணையில் போட்டுவிட்ட நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆண்பனை, பெண்பனை என்று நாம் பிரிப்பது பூவைப் பார்த்து. ஓக்கிலோ ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் பூக்கின்றன. ஆக, அந்தப் பெண்பால் இலக்கணத்தில் மட்டும்தான்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதன் பழைய வடிவம் 'பெர்க்வுஸ்' என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். முன்னால் ப, பின்னால் க்வ. இப்படி வந்தால் லத்தீனில் பின்னால் இருக்கும் க்வ, முன்னால் இருக்கும் ப-வையும் தன்னைப் போலாக்கிவிடும். ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனுக்கு உறவான வடமொழியில் 'பஞ்ச' என்று ப நிற்கிறது. லத்தீனில் அதுவே 'க்வீன்க்வே'. ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ப தேய்ந்து ஃப ஆனது. ஆங்கிலத்தில் ஊசியிலை மரமொன்றைக் குறிக்கும் 'ஃபிர்' இந்த வேரின் உறவு என்பார்கள். ஒரே வேர்தான், ஊருக்கு ஊர் வேறு மரம்!

அப்புறம், ஐரோப்பிய ஓக்கின் பெயர் குவெர்க்குஸ் ரோபுர். பெண்பால் சொல்லுக்குப் பக்கத்தில் இதென்ன 'ஆ' இல்லாத முடிவு என்று கேட்கலாம். ரோபுர் அடைமொழியே இல்லை, தனிப் பெயர்ச்சொல். அதனால் பக்கத்துச் சொல்லின் பாலைப் பார்த்து அது மாறாது. பொருள்? ஓக்கின் கெட்டி மரம், அதன் வலிமை. நாம் வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, ஏறக்குறைய அது.