இது புல்லா, கோரையா? தண்டை உருட்டிப் பாருங்கள்

[காட்சி: ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளித் தோட்டம்]

வணக்கம். களை வெட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் மரவள்ளிக்கு நடுவே கூர்கூராகப் பச்சை கிளம்பிவிட்டது. பார்த்தால் புல் மாதிரிதான் இருக்கும். ஆனால் இது கோரை. புல்லை மட்டும் கொல்லும் களைக்கொல்லியை இதன்மேல் அடித்தால் காசுதான் வீண். அதனால் அடையாளம் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

[அண்மைக் காட்சி: விரல்களுக்கு நடுவே பூத்தண்டு]

பூ வந்த தண்டைக் கிள்ளி விரலில் உருட்டுங்கள். மூன்று பக்கம் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக, கணுக்கணுவாக இருக்கும். கோரைத் தண்டில் நடுவே கணு கிடையாது. இலைகளும் மூன்று வரிசையாகப் பிரியும், புல்லில் இரண்டே வரிசை. ஏரிக்கரைகளில் உருண்டைத் தண்டுக் கோரைகளும் உண்டு, அங்கே கணுவைத் தேடிப் பாருங்கள்.

சரி, எந்தக் கோரை? அதற்குத் தோண்டித்தான் ஆகவேண்டும்.

[காட்சி: களைக்கொத்தால் தோண்டுதல்]

கருத்த சிறு கிழங்குகள் மாலை கோத்ததுபோல வரிசையாக வந்தால் அது சைப்பெரஸ் ரொட்டண்டஸ், அதாவது கோரைக்கிழங்குச் செடி. கதிர் செம்பழுப்பாக இருக்கும். கிழங்கை நசுக்கி முகர்ந்து பாருங்கள், நாட்டு மருந்துக் கடையின் கோரைக்கிழங்கு வாசனை அப்படியே வரும். பிடுங்கினால் மேல்செடி மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். கோத்திருக்கும் வரை பல கிழங்குகள் முளைக்காமல் கிடக்கும். டிராக்டரில் பூட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் அந்தக் கோர்வையை அறுத்ததும் ஒவ்வொன்றும் தனிச்செடியாகக் கிளம்பும். ஓட்டிய பிறகு கோரை கூடிப்போவது இதனால்தான்.

கிழங்கே இல்லாமல் நார்வேரும் மஞ்சள் கதிருமாக நெல்வயலில் நின்றால் அது பெரும்பாலும் சைப்பெரஸ் ஐரியா. இது விதையால்தான் பரவும். பூக்கும் முன்னே பிடுங்கினால் போதும்.

[காட்சி: ஏற்காடு, காப்பித் தோட்டம்]

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கிறோம். சில்வர் ஓக் நிழல் அடர்ந்த காப்பிக்குள் கோரைக்கிழங்குச் செடியைத் தேடாதீர்கள். அதற்கு நிழல் ஆகாது. சாலையோரம், புல்வெளி, புதிதாக மரம் வெட்டிய இடம் என வெயில் படும் பக்கம் பாருங்கள்.

நிழல் ஆகாது என்பது கீழே மரவள்ளிக்காரர்களுக்கும் உதவும். செடி படர்ந்து மூடும் வரை இடைவெளியில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்து மண்ணை மூடிவிடுங்கள். கோடையில் காய்ந்த மண்ணாகப் பார்த்து உழுது, மேலே வந்த கிழங்குகளை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மட்டும் உழவே உழாதீர்கள்.