பள்ளிக்கூடக் கதவும் இரவு வானமும்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வேன் பிடித்து வந்திருக்கும் தலைமை ஆசிரியர்களே, தரையில் அமர்ந்திருக்கும் என் செல்லங்களே, அனைவருக்கும் வணக்கம். பந்தல் போட்டுக் கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பல்கலைக்கழகம் விண்வெளி அறிவியலை ஊருக்குள் கொண்டுவரும் இந்த விரிவாக்கப் பணி பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஆசிரியர் பயிற்சி, தமிழில் நூல்கள், இரவு வானம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான 40 கிலோ எடையுள்ள அனுசாட் என்ற செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி ராக்கெட்டில் மேலே போனது. பாடம் கைவேலையாக மாறியதால்தான் அது நடந்தது.

2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாணவர்களோடு போயிருந்தேன். சூரியக் கண்ணாடி, ஓட்டை போட்ட அட்டை எல்லாம் தயார். தெருவில்தான் ஆளே இல்லை! ஒரு பாட்டி பேத்தியை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். நாங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஒன்பதரை மணி இருக்கும். உள்ளிருந்து பேத்தியின் குரல்: "ஆத்தா, தரையில வளையல் கெடக்கு!" கதவு திறந்தது. ஓட்டு இடுக்கு வழியாக வந்த வெளிச்சம், சாணி மெழுகிய தரையில் பளிச்சென்று ஒரு வளையமாக விழுந்திருந்தது. தினமும் அங்கே விழும் வட்டமே சூரியனின் படம்தான் அம்மா, இன்று நிலா தள்ளி இருப்பதால் சூரியனை முழுக்க மறைக்க முடியவில்லை, ஓரம் மட்டும் தெரிகிறது என்றேன். பாட்டி குனிந்து உள்ளங்கையை நீட்டினார். வளையம் கைக்குள் வந்தது. அப்புறம் என்ன, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதே அவர்தான். பத்து மணிக்குள் தெருவே கண்ணாடிக்கு வரிசையில் நின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். ஒரு பள்ளியில் நல்ல தொலைநோக்கி ஒன்றைப் பார்த்தேன். பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தை மாலையில் பூட்டிவிடுகிறோம். நட்சத்திரம் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. பிள்ளைகள் எப்போது பார்ப்பார்கள்?

ஆசிரியர் பயிற்சியும் நூல்களும் இன்னொரு நாள் பேசலாம். இன்று கேட்பது ஒன்றே ஒன்று. மாதம் ஒரு இரவு, வளர்பிறை அரை நிலாவை ஒட்டிய சனிக்கிழமை, பள்ளிக் கதவு திறந்திருக்கட்டும். அன்று நிலவின் பள்ளங்களில் நிழல் நீளமாக விழும், சின்னத் தொலைநோக்கியிலேயே தெளிவாகத் தெரியும். தொலைநோக்கியும் மாணவர்களும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று துணைவேந்தர் சற்றுமுன் இதே மேடையில் சொன்னார். பெற்றோர் கூட வரட்டும், பாட்டிகளும் வரட்டும்.

முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, மனு இதோ என் கையில் இருக்கிறது. பதினோரு தலைமை ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இங்கேயே உங்களிடம் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.