பொய் சர்டிபிகேட் இல்லாமல் வேலைக்குப் போவது: குமரி மாவட்ட வாலிபருக்கு

(திரையில்: மார்த்தாண்டம் பேருந்து நிலையம், வெளிநாட்டு வேலை விளம்பரங்கள்)

வணக்கம் மக்களே. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணிடம் சில ஏஜென்ட்கள் சொல்வது இதுதான்: "அனுபவம் இல்லையா? ஐ.சி.யூ.வில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாக லெட்டர்பேடில் வாங்கித் தருகிறேன். எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள்." விசா கிடைக்க ஜெபித்து, காணிக்கை நேர்ந்துகொண்ட அதே வீட்டில் இந்தத் தாளுக்கும் பணம் எண்ணிக் கொடுக்கிறோம். கிறிஸ்தவ வாழ்க்கையும் வேலையும் முதலில் உரசிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அந்தத் தாள் எங்கே போகிறது என்று பாருங்கள். வளைகுடா நாடுகளில் நர்ஸ் உரிமம் வாங்க டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுத்த சான்றிதழை வைத்து, அதைத் தந்த மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் அந்தப் பதிவு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்தியாவிலும் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தால், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பொட்டாசியம் குளோரைடு ஊசிமருந்தை அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுபோகலாம். சலைனில் கலந்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். நள்ளிரவில் நாலு பெட்டில் இருந்தும் கூப்பிடும்போது கை நிதானிப்பது, நின்று பழகினால்தான் வரும். பொய்த் தாளோடு போகிறவரை நம்பிப் படுத்திருப்பவர் யாரோ ஒருவருடைய அம்மா.

சரி, அப்போ என்ன வழி? நாகர்கோவிலிலோ தக்கலையிலோ சம்பளம் குறைவாக இருந்தாலும் உண்மையான வேலையில் சேருங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். வெளிநாட்டுக்குத் தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசிடம் பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது தர மறுக்கிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

(திரையில்: நெய்யூர் மருத்துவமனை)

எங்கே வேலை பார்ப்பது என்ற கேள்விக்கு, நம் நெய்யூரிலேயே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். ஹோவர்ட் சோமர்வெல், 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். அந்தப் பயணம் முடிந்து தெற்கே வந்தபோது, நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு வந்தார். எல்லாரும் அப்படி விட்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் இருப்பவருக்குச் சம்பளமும் ஒரு பொறுப்புதான். ஆனால் வேலையைத் தேடும்போது 'எவ்வளவு கிடைக்கும்' என்பதோடு 'யாருக்கு நான் தேவை' என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், சம்பளம். "தாழ்மையாக இரு, கேட்காதே" என்று நம் சபைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று சொன்னவரே இயேசு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். நியாயமான கூலி இந்த மண்ணில் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்த நாம் அதைக் கேட்க வெட்கப்படலாமா? செய்த வேலையை எழுதி வைத்துக்கொண்டு, மரியாதையாக, நேராகக் கேளுங்கள்.

பதவி உயர்வுக்கு வேதாகமத்தில் வரும் தானியேலைப் பாருங்கள். அவரைக் கவிழ்க்க நினைத்தவர்கள் அவருடைய ராஜாங்க வேலையில் ஒரு குற்றம் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர், ஓவர்டைம் கணக்கு, பயணப்படி பில், இவற்றில் அந்த மாதிரி இருக்க முடியுமா? நீங்கள் சூப்பர்வைசர் ஆகும்போது கீழே இருப்பவரின் சம்பளத்தைத் தள்ளிப்போடாமல் இருக்க முடியுமா? நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது முதலாளியாக இருக்கும் விசுவாசிகளுக்கும் சேர்த்துத்தான்.

இந்த வாரம் உங்கள் பயோடேட்டாவை எடுத்து, வேலை பார்த்த தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுவது எப்படி என்பதை அடுத்த வீடியோவில் திரையிலேயே காட்டுகிறேன்.