களிமண்ணில் பிறந்த பெயர்

தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் மாணவர்களே, வணக்கம்.

செக் இயற்கை அறிவியலாளர் யான் ஸ்வாதோப்ளுக் பிரெஸ்லைப் பற்றி மூன்று செய்திகள்: வாழ்க்கை, தாவரவியல், சொற்கள். வாழ்க்கை சுருக்கம்தான். 1791இல், இன்றைய செக் தலைநகரான ப்ராகில் பிறந்தார், அங்கேயே பேராசிரியரானார், 1849இல் மறைந்தார். அப்போது அங்கே உயர்கல்வி ஜெர்மன் மொழியில். பிரெஸ்லோ 1828இல் செக் மொழியிலேயே ஒரு வேதியியல் நூலை வெளியிடத் தொடங்கிவிட்டார்!

சரி, தனிமங்களுக்குப் பெயர்? தண்ணீர் 'வோடா', அதனால் ஹைட்ரஜன் 'வோடீக்'. புளிப்பிலிருந்து ஆக்சிஜனுக்குக் 'கிஸ்லீக்'. மூச்சை முட்டவைக்கும் நைட்ரஜன் 'துசீக்'. களிமண் 'ஹ்லீனா', ஆகவே அலுமினியம் 'ஹ்லினீக்'.

இந்த இடத்தில் எங்கள் அப்பத்தாவைச் சொல்லாமல் போக முடியாது. அடி நெளிந்த அலுமினியச் சட்டி ஒன்று வைத்திருந்தார். பத்தாம் வகுப்புத் திமிரில் நான், "அப்பத்தா, இது அலுமினியம், தெரியுமா?" என்றேன். "அப்படின்னா?" எனக்குத் தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்டேன், "பெயருக்கெல்லாம் அர்த்தம் கேட்காதே, மனப்பாடம் பண்ணு" என்றார். பிறகு ஒருநாள் பாடத்தில் படித்துவிட்டு, களிமண்ணிலும் அலுமினியம் உண்டு என்று அப்பத்தாவிடம் ஓடினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தபடியே, "அப்போ மண்சட்டின்னு சொல்லிட்டுப் போ, எதுக்குடா இம்புட்டு நீட்டுற?" என்றார். (சிரிப்பு.) பிரெஸ்ல் செய்ததும் அதுதானே!

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். பிரெஸ்ல் செய்த தேர்கள் எல்லாம் ஓடவில்லை. எலும்பை வைத்துப் பாஸ்பரசுக்குக் 'கோஸ்தீக்' என்றார், வானத்தை வைத்து யுரேனியத்துக்கு 'நெபெஸ்னீக்' என்றார். ஊர் கைவைக்கவில்லை, இன்று அங்கும் 'ஃபோஸ்ஃபோர்', 'உரான்'தான். வோடீக்கும் ஹ்லினீக்கும் ஓடின. ஒரு சொல் தோற்றால் அடுத்ததைச் செய்யலாம், செய்யவே பயந்தால் எப்படி?

நம்மிடம் நீரகம், உயிரகம் என்று செய்த தேர்கள் உண்டு. நிலையிலேயே நிற்கின்றன. பாடநூலில் ஹைட்ரஜன், ஆக்சிஜன். ஊர் கூடவில்லை, ஐயா!

தாவரவியலுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். கல்லூரி வேதியியலைத் தமிழிலும் நடத்தக் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள்.