அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கொஞ்சம் சங்கடம்தான். காட்ட வழியில்லை, சொல்லத்தான் முடியும். அதனால் சொல்லச் சொல்ல நீளுகிற ஓர் ஓவியமாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். நீளம் 2,754 அடி, அதாவது அரை மைலுக்குக் கொஞ்சம் கூட. உயரம் சுமார் 13 அடி. ‘லாஸ் ஏஞ்சலிஸ் பெருஞ்சுவர்’ என்று அதற்குப் பெயர். அதை முன்னின்று வரைந்தவர் ஜூடி பாக்கா என்ற மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்மணி.

லாஸ் ஏஞ்சலிஸின் வடபகுதியில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே துஹங்கா வாஷ் என்று ஒரு வெள்ளக் கால்வாய். ஒரு காலத்தில் அது காட்டாறு. 1938இல் பெருவெள்ளம் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. அதற்கப்புறம் ராணுவப் பொறியாளர் படை அந்த வட்டாரத்து ஆறுகளுக்குப் பெரும்பாலும் கான்கிரீட் போட்டுவிட்டது. கோடையில் வறண்டு கிடக்கும். மழை பிடித்தால் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். 1970களின் நடுவில் அதே பொறியாளர் படைதான் பாக்காவிடம் வந்தது. கால்வாயோரத்தில் பூங்கா போடுகிறோம், இந்தச் சுவரை அழகுபடுத்தித் தர முடியுமா என்று கேட்டது. பூவும் பறவையும் எதிர்பார்த்திருப்பார்களோ என்னவோ. அவருக்குத் தோன்றியது வேறு. ஆறு ஓடிய இடத்தில் இந்தக் கான்கிரீட் ஒரு தழும்பு, அதன் மேல் பச்சை குத்துவதுதான் நம் வேலை என்று பின்னாளில் சொன்னார். அவரிடம் வேலை செய்த பையன்கள் பலர் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டவர்கள். உவமை அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

பாக்கா பிறந்தது 1946இல். வளர்ந்ததில் பாட்டிக்குப் பெரிய பங்கு. பாட்டி பெயர் ஃபிரான்சிஸ்கா, நாட்டு வைத்தியம் தெரிந்தவர். வீட்டில் பேச்சு ஸ்பானிஷில். பள்ளிக்கூடம் போனால் ஸ்பானிஷ் பேசக் கூடாது. பாடம் புரியாமல் விழித்த குழந்தையை ஆசிரியை ஒரு மூலையில் உட்காரவைத்து, வண்ணத்தையும் தூரிகையையும் கையில் கொடுத்துவிட்டார். வாயை மூடிவிட்ட இடத்தில் கை பேச ஆரம்பித்தது. 1969இல் பட்டம் வாங்கி, தான் வரைந்ததைப் பாட்டியிடம் காட்டினால், பாட்டி பார்த்துவிட்டு இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்டாராம். ஓவியக் கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டே பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில், ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் நான்கு கும்பல்களிலிருந்து சுமார் இருபது பேரைத் திரட்டினார். ஹாலன்பெக் பூங்காவில் இசை மேடையின் வளைந்த சுவரில், கைகளை விரித்து அணைக்க வரும் ஒரு பாட்டியை அவர்கள் வரைந்தார்கள். வேறு கும்பல் தாக்க வருகிறதா என்று பார்க்கக் காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டுத்தான் வேலை நடந்தது. கையில் வண்ண வாளி, கண் தெருவில். ‘மி அபுவெலிதா’, என் பாட்டி என்று படத்துக்குப் பெயர்.

1976இல் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ‘ஸ்பார்க்’ என்ற கலை மையத்தைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில் ஒரு பழைய காவல் நிலையக் கட்டடம் அதற்கு இடமானது. அதே ஆண்டில் பெருஞ்சுவர் வேலையும் ஆரம்பம். முதல் கோடையில் எண்பது இளைஞர்கள், ஆயிரம் அடி. அவர்களில் பலர் போலீஸ், நீதிமன்றம் என்று அலைந்தவர்கள். 1983 வரை ஐந்து கோடைகளில் 400க்கும் மேற்பட்டவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். ஓவியம் வரைவது ஒரு பாதி என்றால், யாருடைய கதையை வரைவது என்று பேசி முடிப்பது இன்னொரு பாதி. வரலாற்றாசிரியர்கள் வந்து பேசினார்கள், அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்கள் வந்து நடந்ததைச் சொன்னார்கள். கறுப்பினப் பையன், மெக்சிகப் பெண், ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளை என எல்லாரும் ஒரே சாரத்தில் நின்று, அடுத்தவர் குடும்பத்துக்கு நடந்ததை வரைய வேண்டியிருந்தது. அடையாளம் என்று பேசும்போது நாம் சட்டென்று படத்தில் இருக்கும் முகங்களைத்தான் பார்க்கிறோம். இந்தச் சுவரில் அதைவிட முக்கியம், எந்த முகத்தை எந்தக் கை வரைந்தது என்பது.

முதல் ஆயிரம் அடியைப் பல ஓவியர்கள் பங்கு போட்டுச் செய்ததால், அது தனித்தனிப் படங்களாகவே நிற்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. 1977இல் பாக்கா மெக்சிகோவின் குவர்னவாகா நகருக்குப் போய், சிக்கேரோஸ் என்ற பெரிய சுவரோவியரின் பட்டறையில் பயின்று திரும்பினார். அதற்கப்புறம் வந்த பகுதிகளில் ஒரு காட்சி இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த சிக்கேரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸிலேயே ஒரு சுவரில் வரைந்தவர்: அமெரிக்கக் கழுகின் கீழே சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதன். பொறுக்குமா? வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். வெள்ளை மெல்ல மெல்ல வெளிறி, உள்ளே இருந்தவன் தானாகவே வெளியே தெரிய ஆரம்பித்தான். 2012இல் அதைப் பாதுகாத்து மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

சரி, பெருஞ்சுவரில் என்னதான் இருக்கிறது? ஆதி விலங்குகளில் தொடங்கி 1950கள் வரைக்குமான கலிஃபோர்னியா. சூமாஷ் பூர்வகுடிகள், ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் லட்சக்கணக்கான மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பினார்களே, அது. அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் ஏராளம். 1942இல் முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். நான் அதிகம் பேச விரும்புவது 1983இல் வரைந்த ஒரு பகுதியைப் பற்றி. விரைவுச்சாலைகள் பாம்புகளாக வளைந்து வந்து ஒரு மெக்சிகக் குடும்பத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிக்கின்றன. மேலே பறக்கும் தட்டு மாதிரி ஒன்று இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் அது டாட்ஜர் பேஸ்பால் மைதானம். சாவேஸ் ரவீன் என்ற குடியிருப்பை, ஏழைகளுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் காலி செய்தார்கள். வீடு வரவில்லை, 1962இல் மைதானம் வந்தது. மண்ணின் மக்களுக்கு அது வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து இறங்கியதாகத்தான் தெரிந்திருக்கும்! அழுகைக் காட்சியை வரையாமல் இப்படி ஒரு கிண்டலைச் சுவரில் ஏற்றியதற்காகவே பாக்காவை எனக்குப் பிடிக்கும்.

அவருடைய வேலைக்கு எதிர்ப்பும் வந்தது. 1993இல் பால்ட்வின் பார்க் ரயில் நிலையத்தில் அவர் செய்த நினைவுச் சின்னத்தில், ‘அவர்கள் வருவதற்கு முன் நன்றாக இருந்தது’ என்று ஒரு வரி உண்டு. 2005இல் குடியேறிகளை எதிர்க்கும் ஒரு கூட்டம், இது வெள்ளையர்களைத் திட்டுகிறது, எடுத்துவிடு என்று கொடி பிடித்து வந்தது. பாக்கா விளக்கினார்: அந்த வரியைச் சொன்னவரே உள்ளூர் வெள்ளைக்காரர்தான், மெக்சிகர்கள் வந்ததைப் பற்றிச் சொன்னது. ‘அவர்கள்’ யார் என்பது படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வரியை அவர் எடுக்கவில்லை.

பின்னர் கௌரவங்கள் வரிசையாக வந்தன. 2017இல் பெருஞ்சுவர் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. 2021இல் மெலன் அறக்கட்டளை சுவரை நீட்டிக்க 50 லட்சம் டாலர் கொடுத்தது. 1960களிலிருந்து இன்றுவரைக்குமான கதையைச் சேர்க்கும் திட்டம் அது. 2023இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்திலேயே, பார்வையாளர் முன்னிலையில் பாக்காவும் குழுவும் புதிய பகுதிகளை வரைந்தார்கள். ஒன்று விவசாயத் தொழிலாளர் போராட்டம், இன்னொன்று கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிய போராட்டம்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அருங்காட்சியகம் என்றால் குளிர்ந்த கூடம், தேர்ந்த கைகள். கால்வாயில் அப்படியில்லை, வெயிலில் காய்ந்துகொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, பேட்டைப் பிள்ளைகள் வரைந்தார்கள். புதிய பகுதிகள் கால்வாய்ச் சுவருக்குப் போகிறபோது, அந்த வட்டாரத்தில் இன்று வம்பில் மாட்டித் திரிகிற பிள்ளைகள் கையிலும் சில அடிகளாவது விட்டுவைக்க வேண்டும். ஜூடி பாக்காவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும், ஒலிவாங்கி கையில் கிடைத்திருக்கிறது, சொல்லி வைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.