ஸ்டிக்கர் ஒட்டினால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

(நாமக்கல்லில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஐயா அவர்களே, காவல்துறை அதிகாரிகளே, லாரி உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, மாணவிகளை வரிசையாக அழைத்து வந்து உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெல்டிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் பாடி கட்டும் பட்டறைத் தோழர்களே, ஓட்டுநர் அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் ஐயா தலைக்காயம் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். அதற்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் செலவில்லாமல் போட்டுத் தந்த அன்பரை மேடைக்கு அழைத்தும் வர மறுத்துவிட்டார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லித்தான் நேரம் வாங்கியிருக்கிறேன். ஒன்று, வண்டிகளில் ஒட்டுகிற எச்சரிக்கை ஸ்டிக்கர். இரண்டு, லாரியின் பக்கவாட்டில் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி. மூன்று, பள்ளிக்கூடச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனி ஓரம்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சாலை விபத்துச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் முன்னால் வந்து நிற்கிறது. சைக்கிளில் போன பிள்ளை லாரிக்கடியில் போய்விட்டால் முதலில் வருகிற கேள்வி, "அது எதுக்கு அவ்வளவு பக்கத்துல போச்சு?" என்பதுதான். அந்தக் கேள்வியைத்தான் இப்போது ஸ்டிக்கராக அச்சடித்து வண்டியின் முதுகில் ஒட்டுகிறார்கள்.

லண்டனில் இது நடந்தது. 2013 வாக்கில் அந்த மாநகரின் போக்குவரத்து நிர்வாகம், "சைக்கிள்காரர்களே, பின்னாலேயே நில்லுங்கள்" என்ற பொருள்பட மஞ்சள் ஸ்டிக்கர் கொண்டுவந்தது. ஓட்டுநர் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியாத பெரிய லாரிகளை நினைத்துத் தொடங்கியது அது. கொஞ்ச நாளில் பஸ், சின்ன வேன் என்று எல்லாவற்றின் முதுகிலும் ஏறிவிட்டது. வேனில் கண்ணுக்குத் தெரியாத இடம் அவ்வளவு கிடையாது. அதிலும் "பின்னாலேயே நில்" என்றால், சாலை எங்களுடையது, நீ ஒதுங்கு என்றுதானே அர்த்தம்? சைக்கிள் சங்கங்கள் எதிர்த்தன. விபத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்காக நடக்கும் ரோடுபீஸ் அமைப்பும் சேர்ந்துகொண்டது. நிற்கிற வண்டியை இடப்பக்கமாகக் கடந்துபோகும்படி சைக்கிள் பாதையை நீங்களே போட்டு வைத்துவிட்டு, அதே இடத்தில் வராதே என்று எழுதலாமா என்று கேட்டார்கள். நாளைக்கு விபத்து நடந்தால், "நான்தான் எழுதிப் போட்டிருந்தேனே" என்று சொல்ல அது வழி செய்யும் என்றார்கள். 2014-இல் நிர்வாகம் இறங்கி வந்தது. பெரிய லாரிகளுக்கு, "இந்த இடம் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது, கவனம்" என்கிற மாதிரி வாசகம் மாறியது. இது நியாயமான வாசகம். உள்ளதைச் சொல்கிறது, யாரையும் அதட்டவில்லை.

நம் பக்கமும் பாருங்கள். "ஹாரன் ஓகே ப்ளீஸ்" என்று லாரி முதுகில் எழுதுவதை மகாராஷ்டிர அரசு 2015-இல் தடை செய்தது. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்பதுதான் காரணம். முதுகில் எழுதுகிற நாலு வார்த்தை பின்னால் வருகிறவனுக்கு எப்படி நடந்துகொள்வதென்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதனால் எழுதுவதை யோசித்து எழுத வேண்டும்.

சரி, கண் தெரியாத இடம் என்றால் என்ன? அதை நான் விளக்குவதைவிட, போன வருடம் இதே ஊரில் ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். லண்டன் காவல்துறை சைக்கிள் ஓட்டுகிறவர்களை லாரி சீட்டில் ஏற்றி உட்கார வைத்துக் காட்டும் வழக்கம் ஒன்று வைத்திருக்கிறது. அதை நாமும் செய்து பார்ப்போம் என்று ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டேன். "வண்டி சும்மாதானுங்க நிக்குது, கூட்டிட்டு வாங்க" என்றார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளோடு வந்தார்கள். பெயிண்ட் காயாத டாரஸ் லாரி. படிக்கம்பி உயரமாக இருந்ததால் ஒரு பிள்ளைக்குக் கால் எட்டவில்லை. ஓட்டுநர் அண்ணன் ஒருவர் கீழே ஸ்டூல் போட்டு, "ஏறு கண்ணு, பயப்படாதே" என்று ஏற்றிவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அந்தப் பிள்ளை முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹாரனைத் தேடினாள். பட்டறைக்காரர், "அது மட்டும் வேண்டாம் சாமி, பக்கத்துல கைக்குழந்தை தூங்குது" என்று கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் அந்த அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மற்ற பிள்ளைகளைச் சைக்கிளோடு இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்க வைத்தார். மூன்று சைக்கிள், மூன்று பிள்ளைகள். மேலே பார்த்து, "எத்தனை பேர் நிக்கிறாங்க, சொல்லு" என்றார். அவள் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். சீட்டிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தாள். "யாருமே இல்லைங்க மாமா, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். கீழே நின்ற பிள்ளைகள் பெல் அடித்தார்கள். இன்ஜின் ஓடாததால் அது கேட்டது. ஓடினால் கேட்டிருக்காது. அவள் இறங்கி வந்து தன் தோழிகளைப் பார்த்து அழுதுவிட்டாள். அந்த ஓட்டுநர் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "முன்னெல்லாம் இடப்பக்கம் கிளீனர் பையன் இருப்பானுங்க. கதவைத் தட்டி வா வா, நிறுத்துன்னு சொல்வான். அதுதான் எங்களுக்குக் கண்ணு. இப்ப நிறைய வண்டியில கிளீனரே கிடையாதுங்க."

இப்போது சொல்லுங்கள். கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்தது யார்? கேபினை அவ்வளவு உயரமாக, கதவில் கீழ்க்கண்ணாடி இல்லாமல் செய்து விற்றது யார்? பழி விழுவதோ ஓட்டுநர் மேலும் சைக்கிள் பிள்ளை மேலும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் இத்தனை நாளாகக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு வருகிற விஷயத்துக்கு வருகிறேன்: சைடு கார்டு, அதாவது பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி. லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடையில் மாட்டின சைக்கிள் சாய்ந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் திறந்து கிடக்கிற இடத்துக்குள் விழும். அந்த இடத்தை அடைப்பதுதான் சைடு கார்டு. ஐ.நா. வாகன விதிமுறை எண் 73, அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளும் லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பைக் கேட்கின்றன. விதி இருக்கிறது, கம்பிதான் இல்லை. எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனை, முடிந்ததும் கழற்றிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பிகளை நானே பார்த்திருக்கிறேன். டயர் மாற்ற இடைஞ்சல் என்கிறார்கள். அப்படியானால் கீல் வைத்துத் தூக்கிக் கட்டுகிற மாதிரி செய்யுங்கள். போர்வெல் வண்டியையும் கேஸ் டேங்கரையும் கட்டி நாடு முழுக்க அனுப்புகிற மாவட்டம் இது. உங்கள் கைக்கு இது ஒரு வேலையா?

ஸ்டிக்கரோடு லண்டனும் நிற்கவில்லை. 2015 செப்டம்பர் முதல், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரி எதுவானாலும் சைடு கார்டும் கூடுதல் கண்ணாடியும் வேண்டும் என்றார்கள். அதுவரை அங்கே கட்டுமான லாரிகளுக்கு விலக்கு இருந்தது. நம் மணல் டிப்பர், ஜல்லி டிப்பர் மாதிரி வண்டிகள்தான் அவை. 2021 முதல், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் கண்ணாடி ஜன்னல் வழியாக நேரே எவ்வளவு பார்க்க முடிகிறது என்று பார்த்து நட்சத்திரம் போட்டு, அதன்படி அனுமதி கொடுக்கிறார்கள். பிரான்சிலும் அதே 2021-இல் கண் தெரியாத இடங்களைக் காட்டும் ஸ்டிக்கரைக் கனரக வண்டிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். ஒட்டட்டும். கம்பியும் கண்ணாடியும் போட்ட பிறகு ஒட்டட்டும். கம்பி போடாமல் ஸ்டிக்கர் ஒட்டுவது, கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் "குழந்தைகளே, விழாதீர்கள்" என்று பலகை வைப்பது போலத்தான். யார் வண்டி பெரியதோ, யாருக்கு லாபமோ, அவர்கள் தலையில்தான் முதல் பொறுப்பு. பதினாறு வயதுப் பிள்ளை தலையில் அதை வைத்தால், பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மூன்றாவது விஷயம், சைக்கிளுக்குத் தனி ஓரம். தலைவர் மணியைத் தொட்டுக் காட்டுகிறார். நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகள் அடுத்த கூட்டத்துக்கு வந்தால் அவர்களை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். எஃப்.சி.யின்போது மட்டுமில்லாமல் சாலையிலும் சைடு கார்டைச் சோதிக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனு. பட்டறைக்காரர்கள் தனித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கம்பி இல்லாமல் பாடியை வெளியே விடமாட்டோம் என்று அதில் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஐயா, கிளம்புவதற்கு முன் அந்த மேசைப் பக்கம் ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போக வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.